அக்காவுக்குச் செய்த உதவி, அடுத்தவர் கண்ணில் பாரபட்சமானது எப்படி?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, 11 ஆண்டுகள் லைனில் நின்று, ஏழு மாதங்களுக்கு முன்புதான் சூப்பர்வைசர் ஆனவர். அவருக்குக் கீழே 19 பேர். தமிழர், மலாய்க்காரர், சீனர், நேப்பாளத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என எல்லாரும் கலந்த குழு. அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய லைனில் 52 வயதில் ஓர் அக்கா இருக்கிறார். அங்கே 24 ஆண்டு சேவை. நம் வாசகி வேலைக்கு வந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கக் கற்றுக்கொடுத்தவர். சம்பளம் வரும்வரை கையில் காசில்லாத நாள்களில் கன்டீனில் சோறு வாங்கிக் கொடுத்தவர். அந்த அக்காவின் கணவருக்கு இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் அவரைப் பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள மையத்தில் விட்டுவிட்டு, பாலத்து நெரிசலைத் தாண்டித் தீவுக்கு வந்து சேர்வதற்குள் மணி 7.45 ஆகிவிடுகிறது. ஷிஃப்ட் தொடங்குவதோ 7 மணிக்கு. “நாலு மாதமாக அக்கா வந்த நேரத்தை சிஸ்டத்தில் 7 மணி என்று நானே திருத்திவிடுகிறேன்” என்று எழுதியிருக்கிறார்.

இதே நான்கு மாதத்தில், குழுவிலிருக்கும் ஒரு மலாய்த் தம்பி, கைக்குழந்தையை நர்சரியில் விட்டுவர வேண்டியிருப்பதால் வாரத்தில் இரண்டு நாள் 7.30க்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். “ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான்” என்று வாசகி மறுத்துவிட்டார். சில நாளில் கன்டீனில் பேச்சு கிளம்பியது: அவங்க ஆளுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம். அந்தத் தம்பி மனிதவளப் பிரிவில் புகார் கொடுத்துவிட்டார். அவர்கள் வாசகியை அழைத்து, அக்காவுக்கு விளக்கம் கேட்டு ‘ஷோ காஸ்’ கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். “மூணு லெட்டர் கொடுத்துட்டா அனுப்பிடலாம், ஒரு பிரச்சினையும் வராது” என்றாராம் மேனேஜர். செய்தி அக்காவின் காதுக்கு எட்டி, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள கோயிலில் நாலு பேர் முன்னால் அவர் கண்கலங்கியிருக்கிறார். வாசகியின் கணவரோ, “நம்ம இனத்தை நீயே காட்டிக்கொடுக்காதே” என்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. மூன்று கடிதத்தில் அக்காவை வேலையைவிட்டு அனுப்பிவிட முடியுமா? தன் வேலைக்கு ஆபத்து வருமா? அக்காவுக்கு உதவியது தப்பா? பேசாமல் சூப்பர்வைசர் பதவியை விட்டுவிட்டு லைனுக்கே போய்விடலாமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, சோறு வாங்கிக் கொடுத்த அக்காவைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தில் நின்றுவிட்டேன். இரண்டாம் முறை, வழக்கறிஞர் கண்ணோடு படித்தபோது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்தில் நின்றேன். நேரத்தை நானே திருத்திவிடுகிறேன் என்ற அந்த வரிதான். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பேசியாக வேண்டும். அக்காவின் நிலையைவிட உங்கள் நிலைதான் இப்போது அதிக ஆபத்தில் இருக்கிறது.

முதலில் உங்கள் வேலையைப் பற்றி

தாமதமாக வருவது ஒரு குற்றச்சாட்டு. வருகைப் பதிவைத் திருத்துவது வேறொரு குற்றச்சாட்டு, அதைவிடக் கனமானது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம் என்றால் வாரத்துக்கு 2 மணி 15 நிமிடம். 17 வாரத்துக்கு ஏறத்தாழ 38 மணி நேரம். உழைக்காத 38 மணி நேரத்துக்கு நிறுவனம் சம்பளம் கொடுத்திருக்கிறது, அதற்குக் காரணம் உங்கள் கை. நீங்கள் ஒரு காசுகூட எடுக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உள் விசாரணை அறையில் இதை ‘பதிவேட்டில் பொய் எழுதியது’ என்றுதான் படிப்பார்கள். அந்த மாதிரிக் குற்றத்துக்கு முன்னெச்சரிக்கைக் கடிதம் எதுவும் கொடுக்காமலேயே நிறுவனங்கள் பணிநீக்கம் வரை போவதுண்டு.

இப்போதெல்லாம் வருகை சிஸ்டங்களில் யார் எந்த நேரத்தில் எதைத் திருத்தினார் என்பது பெரும்பாலும் பதிவாகியே இருக்கும். ஆகவே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. பேசாமல் இருப்பது முதல் வழி. புகார் ஏற்கெனவே போய்விட்ட நிலையில், அவர்கள் பதிவைத் திறந்து பார்ப்பது நாள் கணக்கு விஷயம்தான். அக்கா கேட்டுக்கொண்டதால் செய்தேன் என்று பழியை அங்கே தள்ளுவது இரண்டாவது. அக்கா கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் திருத்தியது அவருக்குத் தெரியுமா என்பதையும் எழுதவில்லை. நடக்காததைச் சொன்னால் அதுவே உங்கள்மேல் இன்னொரு குற்றச்சாட்டாகும். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே எழுத்தில் சொல்லிவிடுவது மூன்றாவது. நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியிலிருந்து, வாரத்தில் எத்தனை நாள், ஏன் செய்தீர்கள், உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை, இனி நடக்காது. அதோடு தேதிவாரியாக ஒரு பட்டியல் இணைத்துக் கொடுங்கள். இப்படிச் சொல்வதால் தண்டனையே வராது என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் தானாக முன்வந்து சொன்னவர், பிடிபட்ட பிறகு ஒத்துக்கொண்டவர் இருவரும் தண்டனை முடிவாகும் இடத்தில் ஒன்றாக எடைபோடப்படுவதில்லை.

இன்றைக்கே மூன்று காரியங்களை நிறுத்துங்கள். எந்தப் பதிவையும் இனித் தொடாதீர்கள், பழையதைச் சரிசெய்கிறேன் என்றுகூட. அக்காவுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அன்போடு சொல்லிக்கொடுத்தாலும் அது சாட்சியைக் கலைத்ததாகிவிடும்.

அந்த ஷோ காஸ் கடிதத்தை நீங்கள் எழுதக் கூடாது. நடந்தவற்றில் நீங்களும் ஒரு ஆள், நாளைக்கு நீங்களே சாட்சி. அப்படிப்பட்டவர் கடிதம் எழுதினால் விசாரணையே கோணலாகிவிடும். “நான் சம்பந்தப்பட்டிருக்கிறேன், வேறொருவரை நியமியுங்கள்” என்று எழுதிக் கொடுங்கள். அக்காவைத் தண்டிக்க மனமில்லாமல் நழுவுகிறாள் என்று மேனேஜர் நினைக்கலாம். எழுத்தில் காரணம் சொல்லிவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

யாராவது ராஜினாமா கடிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் மரியாதையாகப் போய்விடலாம் என்றால், அங்கேயே போடாதீர்கள். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவைப் பணிநீக்கமாகக் கருதி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதுண்டு. ஆனால் வற்புறுத்தல் நடந்தது என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில் விழும்.

மூன்று கடிதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

மேனேஜர் சொன்னதை நம் மக்களில் முக்கால்வாசிப் பேர் சட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், லைனில் மலாயில் ‘அக்தா கெர்ஜா’ என்கிறோமே அதில், மூன்று கடிதம் என்ற எண்ணிக்கையே கிடையாது. அது நிறுவனங்கள் தங்கள் கையேட்டில் வைத்துக்கொண்ட வழக்கம். சட்டத்தின் 14ஆம் பிரிவு, நடத்தைக் குறைபாட்டுக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. கடிதம் மூன்றா முப்பதா என்பதைவிட, அந்த மனிதருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுத்தார்களா என்பதே முக்கியம்.

நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம். அங்கே சமரசம் ஆகாவிட்டால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் இரண்டு கேள்வி கேட்கும். குற்றம் உண்மையில் நடந்ததா? நடந்திருந்தாலும், வேலையைப் பறிக்கும் அளவுக்குப் பெரியதா? 24 ஆண்டு சுத்தமான சேவை, கணவரின் டயாலிசிஸ், மேலதிகாரியே நான்கு மாதம் கண்டும் காணாமல் இருந்தது இவையெல்லாம் இரண்டாவது கேள்வியில் எடைக்கு வரும். நிறுவனம் தோற்றால் மீண்டும் வேலையில் சேர்க்கவோ இழப்பீடு தரவோ உத்தரவு வரலாம். நிரந்தர ஊழியருக்குப் பின்சம்பளமாக (நீக்கப்பட்டதால் இழந்த சம்பளமாக) மட்டும் அதிகபட்சம் 24 மாதச் சம்பளம் வரை கிடைக்க இடமுண்டு. ‘ஒரு பிரச்சினையும் வராது’ என்பது சரியான தகவல் இல்லை. இதை மேனேஜரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம், நிறுவனத்தைக் காப்பாற்றும் தகவலாகச் சொல்லுங்கள்.

60 நாள் என்பதை அக்காவுக்கும் தெரியப்படுத்துங்கள். பத்திரமாக எழுதிவைத்து, பிறகு பார்க்கலாம் என்று 61ஆம் நாள் என் அலுவலகப் படியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திருப்பி அனுப்புவதைப் போல வேதனை இந்தத் தொழிலில் வேறில்லை.

அக்காவுக்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது

உங்களுக்கு இது தெரிந்திருந்தால் அந்த முதல் திருத்தத்தையே செய்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வேலைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை 45 ஆகக் குறைந்ததும், பேறுகால விடுப்பு 98 நாளானதும் எல்லாருக்கும் தெரியும். அதே திருத்தத்தில், நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் விண்ணப்பிக்கலாம் என்ற பிரிவும் சேர்ந்தது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றிக் கேட்கலாம். எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனம் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். இது அலுவலகத்தில் கணினி முன் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், லைனில் நிற்பவரும் கேட்கலாம். உங்கள் தொழிற்சாலையில் தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் இருந்தால் விண்ணப்பம் அதற்கு ஒத்துப்போக வேண்டும், அதை முதலில் பாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். சட்டம் தருவது கேட்கும் உரிமையை, கேட்டதெல்லாம் கிடைக்கும் உரிமையை அல்ல. அதனால் விண்ணப்பத்தில் கஷ்டத்தை எழுதினால் மட்டும் போதாது, நிறுவனத்தின் கஷ்டத்துக்கும் விடை எழுத வேண்டும். மேனேஜர் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: 7 மணியிலிருந்து 7.45 வரை அந்த இடத்தில் யார் உட்காருவது? அதற்கு அக்காவும் நீங்களும் சேர்ந்து யோசிக்கலாம், இதில் மறைக்க எதுவுமில்லை.

உங்கள் காலை ஷிஃப்ட் 3.30க்கு முடிகிறது என்கிறீர்கள். அந்த மூன்று நாளும் 7.45க்குத் தொடங்கி 4.15க்கு முடிக்கலாம். கடைசி 45 நிமிடம் அவர் இடத்தில் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்துவிடுவார் என்றால், திருப்பிச் செய்யும் வேலையோ லேபல் சரிபார்ப்போ கொடுக்கலாம். காலையில் லைனையே நிறுத்திவிடும் இடத்திலிருந்து அவரை வேறு இடத்துக்கு மாற்றினால் முக்கால் மணி நேரம் பெரிய குறையாகத் தெரியாது. இன்னொரு வழியையும் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், வாரத்தில் சில நாள் 8 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்து, மற்ற நாள்களில் அதை ஈடுகட்டலாம், நாளுக்கு 9 மணி நேரத்தையும் வாரத்துக்கு 45ஐயும் தாண்டாமல். செவ்வாய், வியாழனில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

பிற்பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அக்காவிடம் கேட்காமல் அதை எழுதிவிடாதீர்கள். டயாலிசிஸ் ஒரு முறைக்குச் சுமார் நான்கு மணி நேரம் பிடிக்கும். முடிந்து வந்தவர் அன்றைக்கு முழுக்கத் துவண்டு கிடப்பார், மாலையில் கஞ்சி வைத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும். காலையில் தாமதமாவதைவிட மாலையில் வீட்டில் இல்லாமல் போவது அவருக்குப் பெரிய கஷ்டமாக இருக்கலாம். மையத்தில் அடுத்த சுற்றுக்கு மாற்றிக் கேட்டுப் பார்த்தாரா, அழைத்துப்போக மகனோ மருமகனோ ஒரு நாளாவது வர முடியுமா என்பதையும் கேளுங்கள். பரிவு என்று நாம் சொல்வது, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிடாமல் வாய்விட்டுக் கேட்பதிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் கடிதம் முழுக்க அக்காமேல் அவ்வளவு பாசம். ஆனால் இந்த நான்கு மாதத்தில் ஒருநாள் உட்கார்ந்து “அக்கா, எது செய்தால் உங்களுக்குச் சௌகரியம்?” என்று கேட்டதாக ஒரு வரி இல்லை.

அந்தத் தம்பி கேட்டதும் நியாயம்தான்

அக்காவுக்கு உதவியது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவியது தப்பில்லை. ஒளித்துச் செய்ததுதான் தப்பாகிப் போனது. வெளிப்படையாகச் செய்திருந்தால், என்ன காரணத்துக்காக நேரத்தை மாற்றிக் கொடுக்கிறோம் என்று 19 பேருக்கும் தெரிந்திருக்கும், அதே மாதிரிக் காரணம் உள்ள அடுத்தவரும் வந்து கேட்டிருப்பார். ஒளித்துச் செய்ததால் காரணம் யாருக்கும் தெரியவில்லை. காரணம் தெரியாத இடத்தில் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவதைக் காரணமாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, நீங்களும் அக்காவும் தமிழில் பேசிக்கொள்வதுதான்.

“நான் இனம் பார்க்கவே இல்லை” என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் ஒரே மாதிரியான இரண்டு கோரிக்கையில் ஒன்றுக்குச் சத்தமில்லாமல் சம்மதம், இன்னொன்றுக்கு ‘ரூல்’ என்றால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறு என்ன தோன்றும்? 2023இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தச் சட்டத்தில், வேலையில் பாகுபாடு பற்றிய தகராறை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரம் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தம்பி அங்கே போகாமல் நிறுவனத்துக்குள்ளேயே சொன்னார் என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பகையாளியாகப் பார்க்க வேண்டாம். அவரும் அதே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். அப்போது அவசரத்தில் மறுத்துவிட்டேன், சரியாகக் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மலாயில் சொல்லுங்கள், தனியாக, நின்றபடி இல்லாமல் உட்கார்ந்து.

உங்கள் கணவரின் கவலை எனக்குப் புரியாமலில்லை. தகுதியிருந்தும் நம் பிள்ளைகள் ஓரங்கட்டப்பட்டதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. “ஏன் எங்களுக்கு மட்டும்?” என்று இத்தனை காலம் கேட்டவர்கள் நாம். அதனாலேயே, நம்மில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அதே கேள்வியை இன்னொருவர் கேட்கும் நிலை வரக் கூடாது என்று நான் ஆசைப்படுகிறேன். அக்காவின் காரணம் வலுவானது. அதை விண்ணப்பமாக எல்லார் முன்னும் வைக்கலாம், அது நிற்கும். இனத்தின் பேரால் மறைத்தால் அந்த வலுவான காரணமே கெட்டுவிடும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்று

ஓவர்டைம், அதாவது ‘ஓடி’ (OT) பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘ஓடி கொடுப்பதில் பிரச்சினை இல்லை, நேப்பாளத் தம்பிகள் எப்போது கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், காண்டிராக்ட்காரர்களுக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம் கிடையாதே.’ சகோதரி, இதை என்னால் சும்மா விட முடியவில்லை. வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலைச் சட்டம் அப்படியே பொருந்தும். சாதாரண நாளில் ஓடிக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் அவருக்கும்தான். மாதத்துக்கு 104 மணி நேரம் என்ற ஓடி வரம்பும் அவருக்கும்தான். நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் 26 நாள் நின்றால் அந்த வரம்பு முடிந்துவிடும். உங்கள் லைனில் தினமும் நிற்கும் தம்பிக்கு மாதக் கடைசியில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டேன் என்று சொல்லாததற்கு, சொன்னால் வேலை பெர்மிட் என்னாகுமோ என்ற பயமும் காரணமாக இருக்கலாம். ஊரிலிருந்து கடல் கடந்து வந்து, ரப்பர் தோட்டத்தில் கங்காணியிடம் மாட்டேன் என்று சொல்லப் பயந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுபக்கம், ஓடி வேண்டும் என்று காத்திருந்தும் கிடைக்காதவர்களும் உங்கள் குழுவில் இருப்பார்கள். வீட்டுக் கடனும் கார்த் தவணையும் ஓடியை நம்பித்தான் பலருக்கு ஓடுகிறது. ஒரு பட்டியல் போட்டு, வேண்டும் என்பவர்கள் பெயரை வரிசைப்படி சுற்றிவரச் செய்து, வெள்ளைப் பலகையில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிவிடுங்கள். விடுப்புக்கும் இதே முறைதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக உங்களுக்கே விடுப்பு வேண்டும், ஹரி ராயாவுக்கு முதல் நாள் கம்பத்துக்கு (சொந்தக் கிராமத்துக்கு) கிளம்ப அவர்களுக்கும் வேண்டும், சீனப் பெருநாளுக்கு மறுநாளும் சிலருக்கு வேண்டும். யார் எந்தப் பண்டிகைக்கு யாருக்காக நிற்பது என்பதை மூன்று மாதத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி எழுதிவிட்டால், கடைசி நேரத்தில் உங்களிடம் வந்து யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில், ஒரு சூப்பர்வைசரைச் சாட்சிக் கூண்டில் நான் குறுக்கு விசாரணை செய்தேன். பாரபட்சமாக நடந்தார் என்பது என் கட்சிக்காரரின் குற்றச்சாட்டு. அவர் பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் எக்ஸர்சைஸ் புத்தகம் ஒன்றை எடுத்தார். மூலைகள் மடங்கி, அட்டையில் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கோடு: தேதி, யார் கேட்டது, என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், ஏன். என் கட்சிக்காரருக்கு மூன்று முறை மறுத்த இடத்தில், அதே காரணத்துக்காக அவருடைய சொந்த மைத்துனனுக்கும் மறுத்திருந்தார். அதற்குமேல் கேட்க என்னிடம் கேள்வி இல்லை. அன்றிலிருந்து, புதிதாக சூப்பர்வைசர் ஆகும் எல்லாருக்கும் நான் சொல்வது அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஏன்’ என்ற அந்தக் கடைசிக் கோட்டை நிரப்பக் கை தயங்கினால், எடுத்த முடிவை இன்னொரு முறை யோசியுங்கள்.

பதவியை விட்டுவிடலாமா?

இப்போது வேண்டாம். விசாரணை நடக்கும் நேரத்தில் இறங்கிவிட்டால் குற்றத்துக்குப் பயந்து போனதாகத்தான் பேச்சு வரும். அதோடு, நிறுவனம் உங்களைப் பதவி இறக்கம் செய்தால் அது ஒரு தண்டனை, அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு வழியுண்டு. நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டால் அந்த வழி குறுகிவிடும். எல்லாம் அடங்கிய பிறகும் இந்த வேலை பிடிக்கவில்லை என்றால் அப்போது முடிவெடுக்கலாம், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

“எல்லாரிடமும் அன்பாகத்தான் இருக்கிறேன், சொன்னதை யாரும் கேட்பதில்லை” என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய குழுச் செய்தியின் படத்தைப் பார்த்தேன். இரவு 10.40க்கு, “நாளைக்கு எல்லாரும் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கப் பாருங்க, மேலே பிரஷர்” என்று இருக்கிறது. எத்தனை போர்டு, எத்தனை மணிக்குள், யார் எந்த இடத்தில், எதைத் தள்ளிவைக்கலாம் என்று ஒன்றும் இல்லை. படித்தவர்களுக்குக் கிடைத்தது பிரஷர் மட்டும்தான். காலையில் லைன் தொடங்குமுன் ஐந்து நிமிடம் நின்று, மலாயில், எண்ணோடு சொல்லுங்கள். இரவில் அனுப்பாதீர்கள். இந்த ஒன்றை மாற்றினாலே பாதிப் பேர் சொன்னதைச் செய்வார்கள்.

குழு முன்னால் பேச வேண்டிய நாளும் வரும். மேனேஜரிடம் சொல்லி, அனுமதி வாங்கிய பிறகு பேசுங்கள். அக்காவின் வீட்டுக் கஷ்டத்தை அவர் சம்மதமில்லாமல் சொல்லாதீர்கள், அது அவருடைய சொந்த விஷயம். “நேர விஷயத்தில் நான் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை, அது என் தவறு. இனி நேரம் மாற்றிக் கேட்க விரும்பும் யாரும் எழுத்தில் கேட்கலாம், பதிலும் எழுத்தில் வரும்.” இவ்வளவு போதும். விளக்கம் நீள நீளச் சமாதானம் சொல்வது போலாகிவிடும்.

அதற்கெல்லாம் முன்பாக, இந்த ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து அக்கா வீட்டுக்குப் போங்கள். கோயிலில் பேசியதைப் பற்றிக் கேட்க வேண்டாம். திங்கட்கிழமை நீங்கள் மேனேஜரிடம் உண்மையைச் சொல்லப்போகிறீர்கள் என்பதை அவர் உங்கள் வாயால் கேட்கட்டும், அடுத்தவர் சொல்லித் தெரிய வேண்டாம். கோபப்படுவார், அழுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று அவர் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், அன்றைக்கு மைக்ரோஸ்கோப் முன்னால் அவர் உங்களுக்குச் செய்த மாதிரி. கொடுத்த தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். 60 நாளில் பதில் வராவிட்டாலோ, காரணமில்லாமல் மறுத்தாலோ, தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.